மண்டபத்துல டிவி வேணாம். ஏன்னு கொஞ்சம் பொறுமையா படிங்க

நீளமான பதிவு இது. இப்ப நேரம் இல்லன்னா சேமிச்சு வச்சு ராத்திரி படிங்க. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி படிச்சிடுங்க.

விஷயம் இதுதான். நம்ம கோயில் மண்டபத்துல, அம்மன் சன்னதிக்கு இடது பக்கம், தாய்மாருங்க கைக்குழந்தையோட உக்கார்ற மூலை இருக்கு இல்லையா? அங்க 65 இன்ச் டிவி ஒன்னு மாட்டலாம்னு யோசனை வந்திருக்கு. உபயதாரர் தயார். நவராத்திரிக்குள்ள மாட்டிடணுமாம். பிள்ளையார் கதை, கண்ணன் கதை கார்ட்டூன் ஓடும், பிள்ளைங்க ஓடாம உக்காந்திருக்கும், பூஜை அமைதியா நடக்கும். வாட்சாப் குழுவுல வரிசையா கைகூப்புற படம் போட்டு எல்லாரும் ஆமாம் சொல்லிட்டாங்க. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல.

நான் எதிர்க்கிறேன். குழுவுல எழுதினா மூனு வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க, அதனால இங்க எழுதறேன்.

உபயதாரர் அண்ணன் நல்ல மனசுக்காரர். அன்னதானக் கூடத்துல இன்னிக்கு நாம காத்து வாங்கறது அவர் வாங்கிக் குடுத்த ஃபேன்லதான். அவர்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. டிவி மேலயும் எனக்குப் பகை கிடையாது, நானும் ராத்திரி சீரியல் பாக்கறவதான். நான் பேசறது 3 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களைப் பத்தி மட்டும். அந்த மூலையில உக்கார்றது அவங்கதான்.

குழுவுல அதிகமா லைக் வாங்கின வாதத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். "வீட்டுல எல்லாம் இங்கிலீஷ்தான். கோயில்லயாவது தமிழ் கார்ட்டூன் காதுல விழட்டும், பிள்ளைங்க தமிழ் கத்துக்கும்." கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஞாயிறு சமய வகுப்புக்கு வர்ற 5 வயசுப் பிள்ளைக்கு விளக்குன்னா தெரியல, லைட்டுன்னாதான் தெரியுது. தமிழ்ப்பள்ளிக்கு முதலாம் ஆண்டு போறப்பதான் பாதிப் பிள்ளைங்க முழு வாக்கியமா தமிழ் பேசக் கத்துக்குது. கவலைப்பட வேண்டியதுதான்.

ஆனா கைக்குழந்தை டிவி பெட்டிகிட்ட இருந்து மொழி கத்துக்குமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் என்ற பேராசிரியரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் 9 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். மாண்டரின் பேசுகிறவர்கள் வந்து தரையில் உட்கார்ந்து, புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி, அந்தக் குழந்தைகளோடு விளையாடினார்கள். மொத்தம் 12 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம். அவ்வளவுதான். பிறகு சோதித்துப் பார்த்தால், ஆங்கிலேயர் காதுக்குப் பிடிபடாத மாண்டரின் ஒலிகளை அந்தக் குழந்தைகள் தைவானில் பிறந்து வளரும் குழந்தைகள் அளவுக்குப் பிரித்து அறிந்தன.

இன்னொரு குழுவுக்கும் அதே ஆட்கள், அதே புத்தகம், அதே பொம்மை, அதே 12 முறை. ஆனால் நேரில் இல்லை, டிவியில். கத்துக்கிட்டது என்ன? ஒன்னும் இல்ல. மாண்டரின் காதுலயே விழாத பிள்ளைங்களும் இவங்களும் ஒரே நிலைதான்.

இதை நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்து பாருங்க. ல, ள, ழ மூனையும் பிரிச்சுக் கேக்கற காது பிள்ளைக்கு முதல் வயசிலேயே பதமாக ஆரம்பிக்குது. அந்தக் காதுக்கு எதிர்ல ஒரு முகம் வேணும். பாட்டி "பழம்"னு சொல்றப்ப பிள்ளை பாட்டியோட வாயைப் பாக்குது, கண்ணைப் பாக்குது, பாட்டி கையில இருக்கற வாழைப்பழத்தைப் பாக்குது. மூனும் சேந்தாத்தான் அது சொல். 65 இன்ச் பெட்டியில கிருஷ்ணர் "வெண்ணெய்"னு சொல்றப்ப, பிள்ளைக்கு அது கலர் கலரா அசையற ஒரு சத்தம்.

"அதெல்லாம் இல்லக்கா, என் பொண்ணு டிவி பாத்துதான் பேச ஆரம்பிச்சா"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, இதையும் சோதிச்சுப் பாத்திருக்காங்க. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, சொல் கற்றுக்கொடுக்கும் என்று கடையில் விற்ற ஒரு வீடியோவை நான்கு வாரம் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த வீடியோவைப் பார்க்காத குழந்தைகளைவிட இவர்கள் அதிகமாகச் சொற்கள் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல், அதே சொற்களை அம்மா அப்பா அன்றாட வேலைக்கு நடுவே சொல்லிக் கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றன. இதுல வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வீடியோ யாருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சோ, அந்தப் பெற்றோருங்கதான் "எங்க பிள்ளை நிறைய கத்துக்கிச்சு"ன்னு சொன்னாங்களாம். உங்க பொண்ணு பேசினதுக்குக் காரணம் நீங்க தங்கச்சி. பெருமையை எதுக்கு டிவிக்குக் குடுக்கறீங்க?

பேபி ஐன்ஸ்டீன்னு குழந்தைங்களுக்கான டிவிடி ஒன்னு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம தாமான்ல எத்தனை வீட்டுல இருந்துச்சு! விமர்சனம் முத்திப்போய், கடைசியா 2009-ல டிஸ்னி கம்பெனியே, வேணும்னா பணத்தைத் திருப்பி வாங்கிக்கோங்கன்னு அறிவிச்சுச்சு.

சரி, கத்துக்கலன்னா போகட்டும், நஷ்டம் என்ன? சும்மா ஒரு பக்கமா ஓடட்டுமேன்னு செயலாளர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இங்கதான் இருக்கு, அதனால இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

டிவி ஓடறப்ப குழந்தை அதைப் பாக்கலன்னாலும் நஷ்டம் இருக்கு. 2008-ல் அமெரிக்காவில் 1, 2, 3 வயதுக் குழந்தைகள் 50 பேரை ஓர் அறையில் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாட விட்டார்கள். அதில் அரை மணி நேரம் மட்டும் பெரியவர்கள் பார்க்கும் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி டிவியில் ஓடியது. குழந்தைகளுக்கு அது புரியாது, அவ்வப்போது சில வினாடி திரும்பிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் டிவி ஓடிய நேரத்தில் அவர்களுடைய விளையாட்டு துண்டு துண்டானது. ஒரு பொம்மையை எடுத்தால் அதோடு நிலைத்து இருக்கும் நேரம் குறைந்தது. பிள்ளை விளையாடறதை நாம வேடிக்கைன்னு நினைக்கிறோம். ஒரு மூடியை எடுத்து, திருப்பி, கீழ போட்டு, சத்தம் கேட்டு, மறுபடி எடுத்துப் போடறது அதுக்கு வேலை. அந்த வேலையிலதான் கவனம்னு ஒன்னு வளருது. பக்கத்துல ஒரு பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவ "இங்க பாரு"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, எந்த வேலையைத்தான் முடிக்கும்?

அதைவிடப் பெரிய நஷ்டம் பெரியவங்க வாய் மூடிக்கறது. 2009-ல் இன்னொரு ஆய்வு. 2 மாதம் முதல் 4 வயது வரையுள்ள 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாள் முழுக்க அவர்கள் காதில் என்ன விழுகிறது என்று பதிந்தார்கள். டிவிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர் பேசிக் குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. குழந்தை எழுப்பும் மழலையும் குறைந்தது. 770 சொல்! நம்ம வெள்ளிக்கிழமை பூஜை, அர்ச்சனை எல்லாம் சேத்து ஒன்றரை மணி நேரம். கணக்கு போட்டுக்கோங்க.

இதுல யாரையும் குத்தம் சொல்ல வரல. டிவி ஓடற எடத்துல நாமும் வாயைப் பொளந்து பாக்கறோம், பேச்சு தானா நிக்குது. மனுசன் அப்படித்தான். அதனாலதான் அந்த எடத்துல டிவி வைக்காதீங்கன்னு சொல்றேன்.

அந்த மூலையில இப்ப என்ன நடக்குதுன்னு யாராவது கவனிச்சிருக்கீங்களா? நான் வாராவாரம் பிரசாதத் தட்டோட அந்தப் பக்கம்தான் நிக்கிறேன். தீபாராதனை காட்டறப்ப மணி அடிக்கும், தவில் ஏறும், அத்தனை கைக்குழந்தையும் ஒன்னா திரும்பும். ஒரு பிள்ளை விரலை நீட்டும். அம்மா அந்த விரல் போற பக்கம் பாத்து, "ஆமாடா, சாமி... விளக்கு காட்டறாங்க, கும்பிட்டுக்கோ"ன்னு ரெண்டு கையையும் சேத்து வைப்பாங்க. பிள்ளை விரலை நீட்டுது, பெரியவங்க அங்க பாத்து அதுக்குப் பேர் சொல்றாங்க. மொழி வளர்ச்சி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் தலைமேல தூக்கி வச்சுக்கிட்டு ஆடற விஷயம் இதுதான். பூ, சந்தன வாசம், மணிச்சத்தம், திருநீறு, தூணைச் சுத்திச் சுத்தி வர்றது... கைக்குழந்தைக்குக் கோயிலைவிட நல்ல பாலர்பள்ளி கிடையாது. அதுவும் இலவசம். அதுக்கு முதுகைக் காட்டி உக்காரவைக்க நாம 65 இன்ச்ல பெட்டி மாட்டப் போறோம்.

அதுவும் நவராத்திரிக்குள்ள! விஜயதசமிக்கு நாமதான் பிள்ளைங்களை மடியில உக்காரவச்சு, பிஞ்சு விரலைப் பிடிச்சு, அரிசியில "அ" எழுத வைக்கிறோம். அரிசியை விட்டுட்டுத் திரையைக் காட்டி எழுத வைக்கலாம்னு யாராவது சொன்னா குருக்களே சிரிப்பார்.

அன்னதானக் கூடத்துலயும் ஒரு சின்ன டிவி வேணும்னு குழுவுல ஒரு குரல் கேட்டுச்சு. தயவுசெஞ்சு வேணாம். ஏற்கனவே தட்டு முன்னாடி போன் சாத்தி வச்சுத்தான் பாதிப் பிள்ளைங்களுக்கு ஊட்டு நடக்குது. வாய் திறக்குது, சோறு போகுது, கண்ணு போன்ல. என்ன சாப்பிட்டோம், பசி போச்சா இல்லையான்னு அதுக்கே தெரியல. பருப்பு சாதமா ரசமான்னு பேர்கூடத் தெரியாம முழுங்குது. ஒரு பருக்கையைக் கையில எடுத்துப் பிசைஞ்சு மூஞ்சியெல்லாம் பூசிக்கிற பிள்ளையைப் பாத்தா எனக்குச் சந்தோஷமா இருக்கு. தரையைத் துடைக்கறது நான்தான், அதனால தைரியமா சொல்றேன். பூசிக்கட்டும்.

அடுத்த வாதம், "நாமளும் டிவி பாத்துதானே வளந்தோம், கெட்டா போனோம்?"

அண்ணே, என்ன டிவி பாத்தோம்? மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர்ல. தோட்டத்துல அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான் பெட்டி வந்துச்சு, அதுவும் லயத்துக்கு ஒரு வீட்டுல. ஆர்டிஎம்ல தமிழ்ப் படம்னா வாரம் முழுக்கக் காத்திருக்கணும். 1 வயசுல நாம எங்க இருந்தோம்? ஆயாக் கொட்டகையில, இன்னும் பத்துப் பிள்ளைங்களோட தரையில உருண்டுக்கிட்டு இருந்தோம். 1996-ல ஆஸ்ட்ரோ வந்தப்புறம்தான் காலையில கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் தமிழ் ஓடற வீடு உருவாச்சு. அதுக்கு மேல இப்ப யூடியூப் வேற. வாரத்துக்கு ஒரு படம் பாத்த நம்மளையும், நாளைக்கு நாலு மணி நேரம் பாக்கற 10 மாசப் பிள்ளையையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

"இதெல்லாம் நிரூபிச்சிருக்காங்களா?"ன்னு கேப்பாங்க. நேர்மையா பதில் சொல்றேன். பக்கத்துச் சிங்கப்பூரில், கர்ப்ப காலத்திலிருந்தே தாயையும் பிள்ளையையும் வருடக்கணக்காகப் பின்தொடரும் கஸ்டோ என்ற பெரிய ஆய்வு நடக்கிறது. சீன, மலாய், இந்தியத் தாய்மார் மூவரும் அதில் உண்டு. அதிலிருந்து 437 குழந்தைகளைப் பற்றிய முடிவு 2023-ல் வெளிவந்தது. 1 வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகள், 9 வயதில் கவனத்தையும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதையும் சோதித்தபோது பின்தங்கினார்கள். அவர்களுடைய மூளை அலைப் பதிவிலும் வித்தியாசம் இருந்தது. திரைதான் இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இல்லாதது, வேலைச்சுமை, வறுமை எல்லாம் கூடவே கலந்திருக்கும். நானும் அடிச்சுச் சொல்லல. ஆனா ஒரு பக்கம் சந்தேகம் இருக்கு, இன்னொரு பக்கம் கைக்குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லன்னு தெரியுது. அப்படி ஒரு பொருளைக் கோயில் காசு செலவழிச்சு, கரண்ட் பில் கட்டி ஏன் வைக்கணும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு. 1 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். 1 வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது. சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டியும் 18 மாதத்துக்குக் கீழே கூடாது என்கிறது. பின்னணியில் ஓட விடுவதும், சாப்பாட்டு நேரத்தில் காட்டுவதும் வேண்டாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1999-லயே 2 வயசுக்குக் கீழ டிவி வேணாம்னு சொன்னது. பின்னாடி கொஞ்சம் தளர்த்தினாங்க, பிள்ளை வீடியோ கால்ல தாத்தா பாட்டியோட பேசறது பரவாயில்லன்னு. அது சரிதான், அந்தப் பக்கம் இருக்கற பாட்டி பதில் சொல்றாங்க இல்லையா.

ஒரு விஷயத்துல தப்பா பேசாதீங்க. டிவி பாத்ததாலதான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்துச்சுன்னு குழுவுல ஒருத்தர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அப்படி யாரும் நிரூபிக்கல. அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்க நம்ம கோயிலுக்கும் வர்றாங்க, அவங்க மனசு என்ன பாடுபடும்? பேச்சு தாமதமாகற பிள்ளை இருந்தா டிவியை அணைச்சுட்டு உக்காந்திடாதீங்க, கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

பெரிய பிள்ளைங்களுக்கு நல்ல நிகழ்ச்சி நல்லதுதான். 1969-ல ஆரம்பிச்ச செசமி ஸ்ட்ரீட், 3 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு எழுத்தும் எண்ணும் கத்துக் குடுக்கத்தான் யோசிச்சு யோசிச்சு உருவாச்சு. சமய வகுப்புல 8 வயசுப் பிள்ளைங்களுக்கு மாசம் ஒரு தடவ படம் போடறோம்னா நானே பாய் விரிக்கிறேன். ஆனா பூஜை முடிஞ்ச உடனே வகுப்பு இருக்கு, அதுக்கு முன்னாடி வேகமா ஓடற கார்ட்டூன் வேணாம். 4 வயசுப் பிள்ளைங்க 60 பேரை வச்சு 2011-ல ஒரு சோதனை பண்ணினாங்க. வெறும் 9 நிமிஷம் வேகமான கார்ட்டூன் பாத்தவங்க, அடுத்த நிமிஷமே பொறுமையா செய்ய வேண்டிய வேலையில சறுக்கினாங்க. படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு அப்படி ஆகல. அப்புறம் டீச்சர் வந்து, "பிள்ளைங்க தேவாரம் சொல்ல உக்கார மாட்டேங்குது"ன்னு என்கிட்டதான் அழுவாங்க.

கடைசியா சத்தம். பிள்ளைங்க ஓடுது, கத்துது, அர்ச்சனை கேக்க மாட்டேங்குதுன்னு புகார். உண்மைதான். ஆனா பிரச்சினை யாருக்கு? நமக்கு. நம்ம அமைதிக்குப் பிள்ளைங்களைக் கட்டிப் போடப் பாக்கறோம், அதுக்குக் கண்ணன் கதைன்னு பேர் வச்சுக்கறோம். அம்மாக்களும் பாவம். கிலாங்ல இருந்து ஷா ஆலம் வரைக்கும் வேலைக்குப் போய், ஷிஃப்ட் முடிச்சு, சமைச்சு, கிளப்பிக் கூட்டிட்டு வந்து, அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிடணும்னு நினைக்கிறாங்க. அவங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கணும். அதுக்கு டிவி எதுக்கு? அப்பாக்கள் எங்க? நான் சொல்றேன், செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல, கார் நிறுத்தற எடத்துல, போன்ல. அர்ச்சனைச் சீட்டு வாங்கினதும் கடமை முடிஞ்சிடுச்சுன்னு. ஒரு கையில பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பிரகாரத்தை மூனு சுத்து சுத்துங்கண்ணே. தொப்பையும் குறையும்.

டிவி வேணாம்னா வேற என்னன்னு தலைவர் கேப்பார். அதே மூலையில ரெண்டு பெரிய பாய். ஒரு பெட்டியில எவர்சில்வர் டம்ளர், கரண்டி, மரப்பாச்சி, துணிப் பொம்மை, அட்டைப் புத்தகம். பல்லாங்குழி வைக்கலாம்னு ஒரு அக்கா சொன்னாங்க, சோழியும் புளியங்கொட்டையும் சின்னப் பிள்ளைங்க முழுங்கிடும், அதனால வேணாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூஜை நேரத்துல பாயில உக்கார ரெண்டு பேர் வேணும். பாட்டிங்களா இருந்தா ரொம்ப நல்லது. பூத்தொடுக்கற பாட்டிங்க அங்க உக்காந்து தொடுக்கலாம், பிள்ளைங்க காம்பைப் பிச்சுப் போட்டுக்கிட்டு கூடவே இருக்கும். அவங்க பேசறதைக் கேட்டாலே போதும், தனியா பாடம் எடுக்க வேணாம். டிவிக்கு ஆகற காசுல பாதிகூட இதுக்கு ஆகாது.

உபயம்னு பேர் போடணுமேன்னு சங்கடம் இருக்கும், எனக்குத் தெரியும். டியூப் லைட்டு மேல பேர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கற சனம் நாம. பாய்ல பேர் எழுதினா மிதிப்பாங்க. அதனால சுவத்துல பளிங்குக் கல்லுல "குழந்தைகள் மூலை, உபயம்"னு அண்ணன் பேரை அழகா போடுவோம். எழுத்து வெட்டற செலவு என்னோடது.

கூட்டம் ஞாயிறு காலை 10.30-க்கு, மேல்மாடி வகுப்பறையில. உறுப்பினர் எல்லாரும் பேசலாம், கை தூக்கலாம். வெள்ளிக்கிழமை முறைக்கு வர விருப்பம் உள்ளவங்க கீழ கருத்துல பேர் போடுங்க, இதுவரைக்கும் நாலு பாட்டிங்களும் ஒரு தாத்தாவும் சரின்னு சொல்லியிருக்காங்க. கைக்குழந்தை வச்சிருக்கறவங்க குழந்தையோடவே வாங்க. பாய் விரிச்சு வைக்கிறேன்.